அதை வை

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் மூன்று பேருமே நினைத்தார்கள்.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பெயர் வாங்கிய இடம், கேட்டுப் பார்க்கலாமா என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அதெல்லாம் வேண்டாம். உனக்கு இங்க சொல்லிக் குடுக்க ஆள் இல்லையா?" என்று மாமியார் தட்டிலிருந்து நிமிராமலே கேட்டார். "சரிங்க அத்தை" என்றாள் மருமகள். மகன் தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்தது. பேச்சு மட்டும் யார் தொண்டையிலோ இறங்காமல் நின்றுகொண்டிருந்தது.

மாமியார், அந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துத் துறையின் தலைவர். வாட்ச்மேன் முதல் டீன் வரை எல்லோருக்கும் அவர் 'பெரிய டாக்டர்'. மருமகள் அதே துறையில் இரண்டாம் வருடப் பயிற்சி டாக்டர். வேறு துறையில் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சக மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். சலுகை காட்டுகிறார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று பெரிய டாக்டர் வைராக்கியமாக இருந்தார். அதனால் கஷ்டமான டியூட்டி எது வந்தாலும் முதல் பெயர் மருமகளுடையதாக இருந்தது.

வெள்ளைக் கோட்டை மாட்டும்போதே உறவைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஆஸ்பத்திரியில் மருமகள் அவரை 'மேடம்' என்பாள். அவர் அவளை 'டாக்டர்' என்பார், 'நீங்க' என்பார். வீட்டு வாசலில் கார் நின்றதும் 'மேடம்' அத்தையாகிவிடும், 'நீங்க' நீயாகிவிடும். இரண்டு வருடமாக இந்தச் சட்டம் ஒரு தடவைகூட மீறப்படவில்லை.

மூன்றாவது ஆள் மகன். டாக்டருக்குப் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் பாதியில் நின்றவன். பிறகு எலக்ட்ரானிக்ஸ் படித்தான். இப்போது அம்மாவின் சிபாரிசில், அதே ஆஸ்பத்திரியின் சிமுலேஷன் அறையில் வேலை. மாணவர்கள் அதைப் 'பொம்மை ரூம்' என்பார்கள். அவனைப் 'பட்டன் சார்' என்பார்கள்.

அந்த அறையில் கட்டிலில் ஓர் ஆளுயரப் பொம்மை படுத்திருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். நாடி துடிக்கும். மருந்து ஏற்றினால் கண் செருகும். எந்நேரமும் நாலு பேர் சுற்றி நின்று கவனிக்க, தான் ஒரு வேலையும் செய்யாமல் படுத்தே கிடப்பதால் மாணவர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மாப்பிள்ளைக்கு மூச்சும் நாடியும் கொடுப்பதும் எடுப்பதும் பட்டன் சாரின் வேலை. அந்தக் கண்ணாடி வழியாக அவன் பார்க்கலாம். அவனை யாரும் பார்க்க முடியாது.

மாப்பிள்ளைக்குப் பேச்சு வேண்டும்போது மைக்கில் அவனே பேசுவான். நன்றாகப் பேசுவான். வீட்டில் பேசுவதைவிட நன்றாக.

இன்று காலை மருமகளின் முறை.

"வணக்கம். நான்தான் உங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போற டாக்டர்" என்றாள் அவள், பொம்மையின் தோளில் கை வைத்து. "என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன் டாக்டர்" என்றது பொம்மை. கணவனின் குரல்தான், கொஞ்சம் கட்டையாக. "பித்தப்பையில கல்லுன்னாங்க. தூங்க வச்சிட்டு மறுபடி எழுப்பிடுவீங்கல்ல?"

"கண்டிப்பா எழுப்பிடுவேன்."

"ரெண்டு பொண்ணுங்க டாக்டர் எனக்கு."

"பயப்படாதீங்க. நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

சுவர் ஓரம் நின்ற ஐந்து சக மாணவர்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். புருஷன் பெண்டாட்டி இவ்வளவு பதவிசாகப் பேசிக்கொள்வதை இங்கேதான் பார்க்கலாம்.

கட்டிலின் மறுபக்கம் பெரிய டாக்டர் நின்றார். இன்றைய பயிற்சிக்கு எழுதிய கதையில் அவருக்கும் ஒரு வேஷம் உண்டு: பக்கத்தில் நிற்கும் சீனியர் டாக்டர். நர்ஸாக அந்த ஐவரில் ஒருவன் வந்து நின்றான்.

மருமகள் மருந்தைச் செலுத்தினாள். பொம்மையின் கண் மூடியது. மூச்சு நின்றது. இனி அந்த மூச்சு அவள் பொறுப்பு. மாஸ்க்கை வைத்து அழுத்தி ஆக்சிஜன் கொடுத்தாள். பிறகு வாயைத் திறந்து, குழாயை மூச்சுப் பாதைக்குள் இறக்கப் பார்த்தாள். கழுத்து தடிமன். உள்ளே எதுவும் தெரியவில்லை. குழாய் இறங்கவில்லை.

தலையை மாற்றி வைத்து இரண்டாவது தடவை முயன்றாள். இறங்கவில்லை. மறுபடி மாஸ்க். இந்தத் தடவை காற்றே உள்ளே போகவில்லை. மானிட்டரின் கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சத்தமும் கனத்துக்கொண்டே போகும். மயக்க டாக்டர்களுக்குக் கனவிலும் கேட்கும் சத்தம் அது.

"பதறாதீங்க டாக்டர். இன்னொரு தடவை பாருங்க" என்றார் பெரிய டாக்டர்.

பார்த்தாள். இல்லை.

"எண்பது" என்றான் நர்ஸ் வேஷத்து மாணவன்.

தொண்டையில் வைக்கும் வேறொரு மாஸ்க்கையும் போட்டுப் பார்த்தாள். காற்று பக்கவாட்டில் கசிந்தது. இனி இருப்பது ஒரே வழி. கழுத்தின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, அங்கேயிருந்து நேராக மூச்சுக் குழாய்க்கு வழி செய்வது. அவளுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்குத் தெரியும்.

"கழுத்து ட்ரே கொண்டு வாங்க" என்றாள். குரல் தெளிவாகவே இருந்தது. ட்ரே வந்தது. இடது கை விரலால் பொம்மையின் குரல்வளையைத் தடவி இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் கத்தி.

"அதை வை" என்றார் பெரிய டாக்டர். "இன்னொரு தடவை டியூபைப் பாரு."

கத்தி ட்ரேக்குத் திரும்பியது.

அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் வைத்துவிட்டு வந்தது. மறுபடி வாயைத் திறந்தாள், மறுபடி குழாயை எடுத்தாள். அறுபது, ஐம்பது, நாற்பது. கண்ணாடிக்குப் பின்னால் மகன், கதையில் எழுதியிருந்தபடியே எண்களை இறக்கிக்கொண்டிருந்தான். நாடி தளர்ந்து, விட்டு விட்டு அடித்து, மானிட்டரில் கோடு நேராகிவிட்டது.

"போதும்" என்றார் பெரிய டாக்டர்.

அடுத்த அறையில் அலசல். நடந்ததை வீடியோவில் போட்டுப் பார்த்து, எங்கே தவறியது என்று எல்லோருமாக உட்கார்ந்து பேசுவது. அதை நடத்துவது துறையின் இரண்டாவது ஆள், மாணவர்கள் 'வழுக்கை சார்' என்று அழைக்கும் நல்ல மனிதர். அவர் எப்போதும் இரண்டு விதிகளைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்: இங்கே யாரையும் திட்டக் கூடாது; இங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

மூன்று பேர் ஒரே காரில் ஒரே வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்று அவருடைய விதியில் இல்லை.

கத்தி கையில் இருந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினார். "இது வரைக்கும் எல்லாமே சரி. ரொம்ப சரி. இந்த இடத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு டாக்டர்?"

"வெட்டணும்னு."

"வெட்டினா பொழைப்பார்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கத்தி திரும்பிப் போச்சு?"

மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை வைக்கச் சொன்னாங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஐந்து மாணவர்களும் ஐந்து திசையில் பார்த்தார்கள்.

"இங்க நான் உங்களுக்கு அத்தை இல்ல, டாக்டர்" என்றார் பெரிய டாக்டர், நிதானமாக.

"தெரியும் மேடம்." மருமகள் வழுக்கை சாரைப் பார்த்தாள். "சார், கொஞ்சம் முன்னாடி போயி மறுபடி போடுங்களேன்."

போட்டார். *பதறாதீங்க டாக்டர். இன்னொரு தடவை பாருங்க.* பிறகு ட்ரே. பிறகு கத்தி. பிறகு, *அதை வை.*

"'பாருங்க'ன்னு சொன்னப்பல்லாம் நான் டாக்டரா இருந்தேன்" என்றாள் மருமகள். "இந்த 'வை' இருக்கே, இது வீட்ல கேக்கற 'வை' சார். ஃபோனைக் கீழ வை, வாயை மூடி வை, அந்த ஆசையை ஓரமா வை. இதைக் கேட்டா என் கை வச்சிடும். எது கையில இருந்தாலும் வச்சிடும்."

வழுக்கை சார் பேனாவை மூடினார். இந்த மாதிரிப் பதிலுக்கு அவருடைய விதிகளில் இடம் இல்லை.

பெரிய டாக்டரே பேசினார். "சரி. காரணம் எதுவா வேணா இருக்கட்டும். நாளைக்கு ஒரு சர்ஜன் இதே மாதிரி ஒருமையில அதட்டுவார். அப்பவும் வச்சிட்டா, சாகறது பொம்மையா இருக்காது. என்னை எதுத்து வேண்டாம்னு சொல்ல முடியாத ஒருத்தரை நோயாளி தலைமாட்டுல தனியா நிறுத்த என்னால முடியாது. நான் சொல்ற வரைக்கும் உங்களுக்குத் தனி டியூட்டி கிடையாது."

மருமகளுக்கு வலித்தது தண்டனை அல்ல. அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் வலித்தது.

எல்லோரும் போன பிறகு பெரிய டாக்டர் கண்ணாடி அறைக்கு வந்தார். மகன் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த இடத்தை ஒரு தடவை போடு."

போட்டான். *அதை வை.*

"இன்னொரு தடவை."

*அதை வை.*

அவர் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருட சர்வீஸில் அவர் மற்றவர்களின் குரலைத் திரையில் கேட்டிருக்கிறார், திருத்தியிருக்கிறார். தன் குரலை இப்படித் தனியாக எடுத்து வைத்துக் கேட்டதில்லை.

"நான் அப்படியாடா பேசறேன்?"

மகன் நிமிர்ந்து பார்த்தான். அம்மா உண்மையிலேயே கேட்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்தது. இந்த மாதிரி அவர் கேட்டதே இல்லை என்பதும் தெரிந்தது. ஆமாம்மா என்றால் போதும்.

"மைக் பக்கத்துல இருந்துச்சும்மா. சத்தம் கொஞ்சம் கூடுதலா பதிவாகியிருக்கும்" என்றான்.

பெரிய டாக்டர் தலையாட்டினார். முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து போனது. கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வெளியேறினார்.

மதியம் மருமகள் வந்தாள். அவன் பொம்மையின் கழுத்துத் தோலைக் கழற்றி, ஒரு கீறலும் விழாத அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதையை எழுதினது யாரு?"

"அம்மாதான்."

"எனக்காகவே எழுதினாங்களா?"

"ம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன வாரம். எண்ணெல்லாம் செட் பண்ணணும்ல. நீ வெட்டினா ஆக்சிஜன் ஏறணும், வெட்டலன்னா இறங்கணும். ரெண்டுக்கும் தயார் பண்ணி வச்சேன்."

"ரெண்டுக்கும்?"

அவன் தோலை மடித்தான். "அம்மா ஒண்ணு போதும்னாங்க. 'அவ வெட்ட மாட்டா, பாரு'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது."

"வெட்டுவா, அவளுக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு பேச்சுக்கு."

"எனக்கும் நீ வெட்ட மாட்டேன்னுதான் தோணுச்சு" என்றான் அவன். பொய் சொல்லக் கூடாது என்று அவன் ஏனோ அந்த இடத்தில்தான் முடிவெடுத்தான்.

காலையில் அவளை வாக்குக் கொடுக்க வைத்த குரல் அது. எழுப்பிடுவீங்கல்ல என்று கேட்ட குரல். அவள் வெளியே வந்து, மாடிப்படி வளைவில் நின்று, வெளியூருக்கு ஒரு ஃபோன் போட்டாள்.

சாயங்காலம் கார் அமைதியாக வந்தது. மகன் ஓட்டினான். அம்மா முன்னால், மனைவி பின்னால். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டியில் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றினார்.

வீட்டுக்குள் வந்து டீ போட்டு மூன்று தம்ளரையும் மேஜையில் வைத்த பிறகு மருமகள் உட்காரவில்லை.

"அத்தை, நான் வெளியூர் போறேன்."

"அதைத்தான் போன வாரமே பேசி முடிச்சாச்சே."

"நீங்க பேசினீங்க. நான் சரின்னேன். சரின்னு சொன்னது தப்பு. மத்தியானம் பேசினேன். இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. துறைத் தலைவர் வாயால ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்."

"நான் சொல்லலன்னா?"

"சொல்ற வரைக்கும் தினமும் கேப்பேன். இங்கயும் கேப்பேன், அங்கயும் கேப்பேன். எல்லார் முன்னாடியும் கேப்பேன்."

பெரிய டாக்டர் தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார். "இவ்வளவு வாய் இருக்கே. காலையில எங்க போச்சு?"

"காலையில நான் என்ன செய்வேன்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தானே வந்தீங்க. அவ வெட்ட மாட்டான்னு சொல்லித்தானே எழுதினீங்க."

பெரிய டாக்டர் மெல்ல மகன் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"கேட்டா. சொன்னேன்."

"அவ கேட்டா உண்மையைச் சொல்ற. நான் கேட்டப்ப மைக் பக்கத்துல இருந்துச்சுன்னு சொன்ன."

"என்ன கேட்டீங்க அத்தை?"

"நான் அப்படியா பேசறேன்னு கேட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "இல்லம்மா, சத்தம் கூடுதலா பதிவாகிடுச்சுன்னான்."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அது ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

"என் பக்கமும் பேசல, உன் பக்கமும் பேசல" என்றார் பெரிய டாக்டர் மருமகளிடம். "இவன் எனக்குப் பொறந்தவன். இவனை இப்படி ஆக்கினதும் அந்த 'வை'தான்னு நீ சொல்லப் போற. சொல்லு."

மருமகள் அத்தையின் தம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

பெரிய டாக்டர் ஃபோனை எடுத்தார். எண்ணைத் தேடி, அவர்கள் இருவர் முன்னிலையிலேயே பேசினார். ஆஸ்பத்திரிக் குரல், மணி மணியான குரல்.

"வணக்கம் டாக்டர். மத்தியானம் உங்ககிட்ட பேசின பொண்ணு விஷயமா. ஆமா, என் துறைதான். தாராளமா எடுத்துக்குங்க. படிப்பு நல்லா இருக்கு, கை ரொம்ப நல்ல கை. சீனியர் அதட்டினா பயந்துடுவாங்க. அதுக்காகத் தனி டியூட்டியை இன்னைக்குத்தான் நிறுத்தி வச்சேன், அதையும் மறைக்காம சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல டாக்டர், அந்தப் பயம் போயிடும். என்கிட்ட இருக்கற வரைக்கும்தான் போகாது. சரி. திங்கட்கிழமையே வந்து சேருவாங்க."

ஃபோனை மேஜையில் வைத்தார். "திங்கட்கிழமை" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு துளி டீ குடிக்கவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் எங்கே என்று மருமகள் தனக்குள் தேடிப் பார்த்தாள். நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்ததை யாரோ சட்டென்று வாங்கிக்கொண்டால் கை எப்படி வெறுமனே தொங்குமோ, அப்படித்தான் இருந்தது. தம்ளர்களைக் கழுவினாள். அத்தையின் டீயைக் கொட்ட மனம் வராமல் மூடி வைத்தாள்.

மாடிக்குப் போனபோது கணவன் கட்டிலின் மேல் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். கேட்காமலே அடுக்குகிறான். வாய் திறந்து பேசத் தெரியாதவன், கையால் சொல்கிறான் என்று நினைத்தாள். மதியம் முதல் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் நெகிழ்ந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் அழகாக மடிப்பான். வேலை நாளில் போடும் உடுப்பு ஒரு பக்கம், வீட்டில் போடுவது ஒரு பக்கம். அவளுடைய ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி ஓரத்தில் செருகியிருந்தான். சார்ஜர்கூட வைத்திருந்தான். அவளுக்குத் தலைவலி வந்தால் போடும் மாத்திரையும் இருந்தது.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அடிவரை பார்த்தாள்.

"உங்க சட்டை ஒண்ணுகூட இல்லையே."

"எனக்கு லீவு கேக்கணும்ல."

"யார்கிட்ட?"

கீழே பெரிய டாக்டரின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காலடி படிக்கட்டு வரை வந்து நின்றது. மேலே ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"அத்தை நிக்கிறாங்க" என்றாள் மருமகள். "போய்க் கேளுங்க."

அவன் கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியின் ஜிப்பை மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, இழுத்து மூடினான்.